குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு: இணைய டிராஃபிக்கைச் சேனல்களாகப் பிரிப்பது எப்படி?

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் விற்கும் ஒரு சின்ன இணையக் கடையை வைத்துக்கொள்வோம். வீட்டுச் சமையலறையில் தொடங்கிய தொழில். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட், கூகுளில் கொஞ்சம் விளம்பரம், மாதம் இரண்டு மின்னஞ்சல், பார்சல் பெட்டிக்குள் க்யூஆர் கோடு அச்சிட்ட ஒரு அட்டை. தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம். கையில் 30,000 ரூபாய். அதை எதில் போடுவது?

பதில் தேடி, தளத்துக்கு வருபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தால், அவர்கள் வந்த இடங்கள் 47 வரிகளாக வந்து நிற்கின்றன. கூகுள், ஃபேஸ்புக் டாட் காம், எம் டாட் ஃபேஸ்புக், எல் டாட் ஃபேஸ்புக், எல்எம் டாட் ஃபேஸ்புக், வெறும் எஃப்பி, பெரிய எழுத்தில் தொடங்கும் இன்ஸ்டாகிராம், சிறிய எழுத்தில் தொடங்கும் இன்ஸ்டாகிராம், ஐஜி, நியூஸ்லெட்டர், செப்டம்பர் மெயில் என்று நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் 47 வரிகளும் சேர்ந்தும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தருவதில்லை.

பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய இடம்தான். குறிப்பேட்டில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவோம். அப்புறம் அதைப் பேரேட்டில் கூலி, வாடகை, கொள்முதல் என்று தனித்தனிக் கணக்குகளின் கீழ் எடுத்து எழுதுவோம். வாடகைக்கு எவ்வளவு போனது என்று யாராவது கேட்டால் பேரேட்டைத்தான் புரட்டுவோம், குறிப்பேட்டை அல்ல. அந்த 47 வரி குறிப்பேடு. சேனல் என்பது பேரேட்டில் உள்ள ஒரு கணக்கு. பல இடங்களிலிருந்து வரும் ஆட்களை, நாம் முடிவெடுக்க உதவும் சில தலைப்புகளின் கீழ் சேர்த்து வைப்பதற்குத்தான் சேனல் பிரிப்பது என்று பெயர்.

இதில் மூன்று சொற்கள் அடிக்கடி குழம்பும். சோர்ஸ் என்பது ஆள் வந்த இடம்: கூகுள், இன்ஸ்டாகிராம், ஏதோ ஒரு சமையல் வலைப்பதிவு. மீடியம் என்பது வந்த விதம்: தேடி வந்தாரா, விளம்பரத்தைத் தட்டி வந்தாரா, மின்னஞ்சலிலிருந்து வந்தாரா. கேம்பெயின் என்பது எந்த முயற்சிக்காக அந்த லிங்க் போடப்பட்டது என்பது: தீபாவளிச் சலுகை, புதிய ஊறுகாய் அறிமுகம். ஒரே கூகுளிலிருந்து இரண்டு பேர் வரலாம். ஒருவர் தேடலில் தானாகக் கிடைத்த முடிவைத் தட்டினார், இன்னொருவர் நாம் காசு கொடுத்த விளம்பரத்தைத் தட்டினார். சோர்ஸ் ஒன்று, மீடியம் வேறு, அதனால் சேனலும் வேறு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று தளத்தின் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். காசு கொடுத்து வந்தவரும் சும்மா வந்தவரும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டால், போட்ட காசுக்கு என்ன கிடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது? முக்கியமாக இரண்டு வழிகள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் வழியாகப் போகும்போது, முந்தைய முகவரியைப் பிரவுசர் ஒரு குறிப்பாகச் சேர்த்து அனுப்பும். அதற்கு ரெஃபரர் என்று பெயர். (இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்தச் சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து விடுபட்டுப்போனது. அந்தப் பிழை அப்படியே தரநிலையில் ஏறி இன்றுவரை நிற்கிறது.) இந்தக் குறிப்பு முன்பு முழு முகவரியாக வரும். இப்போது தனியுரிமைக்காகப் பிரவுசர்கள் அதைச் சுருக்கிவிட்டன. குரோம் 2020-இல் இந்த மாற்றத்தைச் செய்தது. எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பது மட்டும் தெரியும், அந்தத் தளத்தின் எந்தப் பக்கம், எந்தப் பதிவு என்பது தெரியாது.

இரண்டாவது வழி, லிங்கின் வாலில் நாமே ஒட்டும் யுடிஎம் குறிப்புகள். 2005-இல் கூகுள் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸை வெளியிட்டது. யுடிஎம் என்பது அந்த அர்ச்சினின் பெயரைச் சுமந்து வரும் சுருக்கம்: அர்ச்சின் டிராக்கிங் மாட்யூல். நிறுவனத்தின் பெயர் மறைந்துவிட்டது, அதன் மூன்று எழுத்துச் சுருக்கம் மட்டும் உலகம் முழுக்க லிங்க்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. சோர்ஸ், மீடியம், கேம்பெயின், டெர்ம், கன்டென்ட் என்று முக்கியமாக ஐந்து குறிப்புகளை அதில் வைக்கலாம். தொடங்குபவர்களுக்கு முதல் மூன்று போதும். டெர்ம் என்பது தேடுசொல்லுக்கு. ஒரே மின்னஞ்சலில் இருக்கும் இரண்டு பொத்தான்களில் எதைத் தட்டினார்கள் என்று பிரித்தறிய விரும்பும் நாளில் கன்டென்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

கூகுள் விளம்பரங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. லிங்க்கில் தானாகக் குறிப்பு ஒட்டும் ஆட்டோ டேகிங் வசதி இயங்கிக்கொண்டிருந்து, விளம்பரக் கணக்கு அனலிட்டிக்ஸோடு இணைக்கப்பட்டிருந்தால், எந்தத் தட்டல் எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்பது தானாகவே பதிவாகிவிடும். மற்ற இடங்களில் போடும் விளம்பரங்களுக்கு நாம்தான் குறிப்பு ஒட்ட வேண்டும்.

இப்போது கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் இல்லை. 2023 ஜூலை 1 முதல் அது புதிய தரவு எதையும் பதிவதில்லை. அதன் இடத்தில் இருப்பது ஜிஏ4, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸ் 4. வருகிற ஒவ்வொருவரையும் ஜிஏ4, தானே முன்கூட்டி வகுத்து வைத்திருக்கும் முன்னிருப்பு சேனல் குழுவில் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் போடுகிறது: ஆர்கானிக் சர்ச், பெய்டு சர்ச், ஆர்கானிக் சோஷியல், பெய்டு சோஷியல், ஈமெயில், ரெஃபரல், டிஸ்ப்ளே, அஃபிலியேட்ஸ், எஸ்எம்எஸ், டைரக்ட் என்று ஒரு நீண்ட பட்டியல். ஆர்கானிக் என்றால் காசு கொடுக்காமல் வந்தது, பெய்டு என்றால் விளம்பரத்தால் வந்தது, ரெஃபரல் என்றால் வேறொரு தளத்தின் லிங்க் வழியாக வந்தது. எதிலும் சேராததற்கு அன்அசைன்டு.

இதை அது எப்படி முடிவு செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜிஏ4 நம் மனதைப் படிப்பதில்லை. சோர்ஸிலும் மீடியத்திலும் இருக்கும் எழுத்துகளைத்தான் படிக்கிறது. சமூக ஊடகத் தளங்கள், தேடுபொறிகள், காணொளித் தளங்கள் என்று அதனிடம் பட்டியல்கள் உண்டு. சோர்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம் மீடியத்தைப் பார்க்கும். மீடியத்தில் சிபிசி (ஒரு தட்டலுக்கு இவ்வளவு என்ற கட்டணம்) என்று இருந்தாலோ, பெய்டு என்று தொடங்கினாலோ, இன்னும் ஓரிரு குறிப்பிட்ட சொற்கள் இருந்தாலோ அதைக் கட்டண டிராஃபிக் என்று எடுத்துக்கொள்ளும்.

நம் ஊறுகாய்க் கடைக்காரர் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவை பூஸ்ட் செய்கிறார், அதாவது காசு கொடுத்து அதிகம் பேருக்குக் காட்டச் செய்கிறார். அதற்கான லிங்கில் கவனமாகக் குறிப்பும் போடுகிறார்: சோர்ஸ் இன்ஸ்டாகிராம், மீடியம் பூஸ்ட். நமக்குப் படித்தவுடன் புரிகிறது. ஜிஏ4-க்குப் புரியாது. பூஸ்ட் என்பது அதன் கட்டணச் சொற்களில் இல்லை. சோர்ஸ் மட்டும் சமூக ஊடகப் பட்டியலில் இருப்பதால், அந்த ஆட்கள் அத்தனை பேரும் ஆர்கானிக் சோஷியலில் போய்ச் சேர்வார்கள். மாதக் கடைசியில் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது, காசு கொடுக்காத பதிவுகள் பிரமாதமாக வேலை செய்வதுபோலவும், விளம்பரம் எதையும் கொண்டுவராததுபோலவும் தெரியும். அதை நம்பி விளம்பரத்தை நிறுத்தினால் அடுத்த மாதம் இரண்டும் சேர்ந்தே விழும். மீடியத்தில் பூஸ்ட் என்பதற்குப் பதில் பெய்டு சோஷியல் என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. குறிப்பே ஒட்டாமல் விட்ட ஃபேஸ்புக் விளம்பரத்துக்கும் இதே கதிதான்.

மின்னஞ்சலிலும் இதே கதை நடக்கும். மீடியத்தில் ஈமெயில் என்று எழுதினால் ஈமெயில் சேனலில் விழும். நியூஸ்லெட்டர் என்று எழுதி, சோர்ஸில் மின்னஞ்சல் அனுப்பும் கருவியின் பெயரைப் போட்டால் அன்அசைன்டில் விழும். என்னைக் கேட்டால், ஐந்து குறிப்புகளில் அதிகம் கவனிக்க வேண்டியது மீடியம்தான். சோர்ஸிலும் கேம்பெயினிலும் நம் விருப்பப்படி பெயர் வைக்க ஓரளவு இடம் உண்டு. மீடியத்தில் மட்டும் சொந்தச் சொல் எதையும் புதிதாக உருவாக்காதீர்கள். கூகுளின் உதவிப் பக்கத்தில் எந்தச் சேனலுக்கு எந்தச் சொல் என்று விதிகள் இருக்கின்றன. அங்கிருந்து ஏழெட்டுச் சொற்களை எடுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அடுத்து டைரக்ட். பலர் தவறாகப் படிக்கும் வரி இதுதான். டைரக்ட் என்றால் கடையின் முகவரியை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு, நம் பெயர் மக்கள் மனதில் பதிந்துவிட்டது என்று மகிழ்ந்துபோவார்கள். அப்படி வருபவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் ரெஃபரரும் இல்லை, யுடிஎம்மும் இல்லை என்ற நிலையில் வரும் எல்லோரையும் ஜிஏ4 அதே பெட்டியில்தான் போடுகிறது. எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களின் கணக்கு அது. வாட்ஸ்அப் செயலியில் வந்த லிங்க்கைத் தட்டியவர், பிடிஎஃப் விலைப்பட்டியலில் இருந்த லிங்க்கைத் தட்டியவர், சில மின்னஞ்சல் செயலிகளிலிருந்து வந்தவர், லிங்க்கைச் சுருக்கும் சேவை வழியில் குறிப்பைத் தொலைத்ததால் அடையாளம் இழந்து வந்தவர் என்று எல்லோரும் இங்கே கூடியிருப்பார்கள். இப்படித் தனிப்பட்ட அரட்டைகள் வழியே கண்ணுக்குத் தெரியாமல் பரவும் லிங்க்களுக்கு அலெக்சிஸ் மாட்ரிகல் என்ற பத்திரிகையாளர் 2012-இல் தி அட்லான்டிக் இதழில் டார்க் சோஷியல் என்று பெயர் வைத்தார். குடும்பக் குழு, அபார்ட்மென்ட் குழு, பள்ளித் தோழர் குழு என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் நடத்தும் நமக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தும்.

டைரக்டில் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று ஊகிக்க ஒரு எளிய சோதனை உண்டு. டைரக்டில் வந்தவர்கள் முதலில் இறங்கிய பக்கங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். முகப்புப் பக்கம் என்றால் தட்டச்சு செய்து வந்திருக்கலாம். பூண்டு ஊறுகாய் அரைக் கிலோ பாட்டில் என்று வால் நீண்ட முகவரியில் 300 பேர் நேரடியாக இறங்கியிருந்தால், அதை யாரும் தட்டச்சு செய்திருக்க மாட்டார்கள். யாரோ ஒரு குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள். எல்லாப் பகிர்வையும் நம்மால் பிடிக்க முடியாது. நாம் அனுப்புவதையாவது பிடிக்கலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போகும் லிங்க்கில் குறிப்பு, விலைப்பட்டியல் பிடிஎஃப்பில் குறிப்பு, பார்சல் அட்டையின் க்யூஆர் கோடுக்குள் குறிப்பு என்று மூன்றையும் செய்துவிட்டால் டைரக்ட் கணிசமாக இளைக்கும். அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். 5,000 அட்டை அச்சாகி வந்த பிறகு அச்சான கோடுக்குள் இருக்கும் லிங்க்கை மாற்ற வழியில்லை.

கூகுள் தரும் சேனல் குழு எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டை. நம் அளவுக்குத் தைத்ததில்லை. வாட்ஸ்அப் என்று அதில் தனிக் கணக்கு கிடையாது. பார்சல் அட்டைக்கு மீடியம் க்யூஆர் என்று வைத்தால் அது அன்அசைன்டில் கிடக்கும். முன்னிருப்புக் குழுவை நாம் திருத்த முடியாது. ஆனால் அதை நகலெடுத்து நமக்கென்று ஒரு கஸ்டம் சேனல் குழுவை உருவாக்கலாம். அட்மின் பகுதியில் சேனல் குரூப்ஸ் என்ற இடத்தில் இது இருக்கிறது. சோர்ஸ், மீடியம், கேம்பெயின் பெயர் ஆகியவற்றை வைத்து விதி எழுதலாம்: மீடியத்தில் க்யூஆர் இருந்தால் அச்சு, சோர்ஸில் வாட்ஸ்அப் இருந்தால் வாட்ஸ்அப்.

எத்தனை சேனல்கள் வேண்டும்? இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த வரியில் எண் கூடினாலோ குறைந்தாலோ நான் வேறு எதையாவது செய்வேனா? செய்வேன் என்றால் அது தனிச் சேனல். செய்ய மாட்டேன் என்றால் பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துவிடலாம். பிங்கிலிருந்து தேடி வந்தவரையும் கூகுளிலிருந்து தேடி வந்தவரையும் பிரிப்பதால் கடைக்காரர் எந்த முடிவையும் மாற்றப் போவதில்லை. ஆனால் கடையின் பெயரையே தேடியவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தையும், பொதுவாக இட்லிப் பொடி என்று தேடியவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தையும் பிரித்தால் முடிவு மாறும். முன்னவர் எப்படியும் வந்திருக்கக்கூடியவர். பின்னவர் அந்தக் காசினால் வந்த புதியவர். இரண்டையும் தனித்தனி கேம்பெயினாக வைத்து, பெயரிலேயே வேறுபாட்டைக் காட்டினால், விதி எழுதுவது எளிது. சமையல் காணொளி போடுபவர்களுக்குக் காசு கொடுத்து நம் பொடியைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்களா? அதற்கும் ஒரு தனிச் சேனல் நியாயம்.

இப்போது இன்னொரு கூட்டமும் வரத் தொடங்கியிருக்கிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்பிளெக்சிட்டி போன்ற உரையாடல் கருவிகளிடம் கேள்வி கேட்டு, அவை காட்டும் லிங்க்கைத் தட்டி வருபவர்கள். எண்ணிக்கை இன்று சிறியதாக இருந்தாலும், அவர்களை ரெஃபரல் கூட்டத்துக்குள் கரையவிடாமல், அந்தத் தளங்களின் முகவரிகளை வைத்து ஒரு தனிக் கணக்கு திறந்துவிடுவது நல்லது. அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கம் வேண்டுமே.

விதிகளை எழுதும்போது வரிசை முக்கியம். ஜிஏ4 மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும், முதலில் பொருந்தும் சேனலிலேயே ஆளைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அதனால் குறுகலான விதி மேலே, பரந்த விதி கீழே. ரெஃபரல் விதி மேலே இருந்து, உரையாடல் கருவிகளுக்கான விதி கீழே இருந்தால், அந்த ஆட்கள் கீழே இறங்கவே மாட்டார்கள். கஸ்டம் குழுவில் ஒரு நல்ல வசதி, அது பழைய தரவுக்கும் பொருந்தும். இன்று உருவாக்கிய சேனல்களில் போன மாதத்தையும் பார்க்கலாம். ஆனால் போன மாதம் லிங்க்கில் குறிப்பே இல்லை என்றால் எந்த விதியாலும் அதை மீட்க முடியாது. குறிப்பேட்டில் எழுதாத செலவு பேரேட்டுக்கு எங்கிருந்து வரும்?

அதனால் ஒரு பகிர்ந்த தாள் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஷீட் போதும். தேதி, எங்கே போகும் லிங்க், சோர்ஸ், மீடியம், கேம்பெயின், முடிவான முழு முகவரி என்று ஆறு பத்திகள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் மட்டும் எழுதுவது, சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் சிறு கோடு போடுவது என்ற இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் கடைப்பிடித்தால் போதும். பெரிய எழுத்தில் ஒருவர், சிறிய எழுத்தில் ஒருவர் என்று எழுதினால் சோர்ஸ் ரிப்போர்ட்டில் ஒரே இன்ஸ்டாகிராம் இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். கடையில் இரண்டு பேர் வேலை பார்த்தாலும் இருவரும் அந்தத் தாளிலிருந்துதான் லிங்க் எடுக்க வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று: நம் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் பேனரில் யுடிஎம் ஒட்டாதீர்கள். வெளியிலிருந்து அவரை உண்மையில் அழைத்து வந்த சேனலின் கணக்கை அது குழப்பிவிடும். பணம் செலுத்தும் பக்கத்தையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் வேறொரு தளத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது, அந்தத் தளமே அவரை அனுப்பியதுபோலப் பதிவாகலாம். ரெஃபரலில் திடீரென்று விற்பனை கொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஜிஏ4 அமைப்புகளில் வேண்டாத ரெஃபரல்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் அந்த முகவரியைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது, ஒரே சேனல் பெயர் இரண்டு இடங்களில் வேறு வேறு எண்ணோடு நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யூசர் அக்விசிஷன் ரிப்போர்ட், ஒருவர் முதன்முதலில் எந்தச் சேனலில் வந்தார் என்று சொல்லும். டிராஃபிக் அக்விசிஷன் ரிப்போர்ட், ஒவ்வொரு வருகையும் எந்தச் சேனலில் நடந்தது என்று சொல்லும். ஒரு பெண்மணி ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் பதிவைப் பார்த்து வந்தார், ஒன்றும் வாங்கவில்லை. அக்டோபரில் கடையின் பெயரைக் கூகுளில் தேடி வந்து இரண்டு கிலோ பொடி வாங்கினார். முதல் ரிப்போர்ட்டில் அவர் ஆர்கானிக் சோஷியல், இரண்டாவதில் அந்த அக்டோபர் வருகை ஆர்கானிக் சர்ச். இரண்டும் சரி. புது ஆட்களை யார் அழைத்து வருகிறார்கள் என்று தெரிய முதலாவது, இந்த வாரம் கடையில் என்ன நடந்தது என்று தெரிய இரண்டாவது. ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு கூட்டிவிடக் கூடாது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரப் பக்கம் காட்டும் விற்பனை எண்ணும் ஜிஏ4 எண்ணும் ஒத்துப்போகாது, அதுவும் இயல்புதான். விளம்பரத்தைத் தட்டி ஏழு நாட்களுக்குள் வாங்கியவரையும், தட்டாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வது மெட்டாவின் வழக்கமான அமைப்பு. தட்டாமல் பார்த்தது மட்டும் ஜிஏ4-க்குத் தெரியவே தெரியாது. சேனல்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஜிஏ4 போதும்.

இவ்வளவும் செய்த பிறகு நம் கடைக்காரரின் திரையில் 47 வரிக்குப் பதில் பத்து வரி நிற்கும்: தேடல், பெயர் விளம்பரம், பொது விளம்பரம், சமூக ஊடகம், சமூக ஊடக விளம்பரம், வாட்ஸ்அப், மின்னஞ்சல், அச்சு, உரையாடல் கருவிகள், மற்றவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே போன மாதம் ஆன செலவை எழுதி, பக்கத்தில் அந்தச் சேனலில் நடந்த விற்பனையை எழுதலாம். வாட்ஸ்அப்புக்கு எதிரே செலவு சுழியமாகவும் விற்பனை கணிசமாகவும் இருந்தால், 30,000 ரூபாயில் ஒரு பகுதியை அந்த லிஸ்ட்டைப் பெரிதாக்கச் செலவிடுவது பற்றி யோசிக்கலாம். ஒவ்வொரு பார்சலிலும் லிஸ்ட்டில் சேர அழைக்கும் ஓர் அட்டையும் ஒரு சின்னப் பொட்டலம் மாதிரிப் பொடியும் வைக்கலாம். இந்த யோசனை அந்த 47 வரிகளுக்குள்ளும் இருந்ததுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்தவர்கள் அப்போது டைரக்ட் என்ற பெயரில் இருந்தார்கள்.

மாதம் ஒருமுறை அன்அசைன்டைத் திறந்து, உள்ளே இருக்கும் மீடியம் சொற்களைப் பாருங்கள். புதிதாக ஏதாவது ஒரு சொல் முளைத்திருந்தால் தாளில் யார் எழுதியது என்று தேடி அன்றே திருத்துங்கள். தீபாவளி லிங்க்கள் வெளியே போவதற்கு முன்பாக இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால், பண்டிகை முடிந்த திங்கட்கிழமை உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஒரு மணி நேரம் கூட ஆகாது.